சிறப்புப் பள்ளிக்கு வேன் வாங்க மொய் விருந்து நடத்தலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

#1 கடைமடைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பேராவூரணி பக்கம். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக இங்கே ஒரு பகல்நேரப் பள்ளி நடக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து அறக்கட்டளை பதிவு செய்து தொடங்கியது. சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து காலையில் பிள்ளைகளை அழைத்து வந்து, மதியம் சாப்பாடு போட்டு, சாயந்தரம் வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். அந்த வேன்தான் இப்போது பிரச்சினை. அடுத்த எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சான்றுக்கு) நிற்காது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

வேன் நின்றால் பள்ளி நின்ற மாதிரிதான். நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற அம்மா, பன்னிரண்டு வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏற முடியுமா?

நல்ல நிலையில் உள்ள பழைய வேன் ஒன்று ஆறு லட்சத்துக்குப் படியும் என்கிறார்கள். ஊர் இளைஞர்களைக் கூட்டிப் பேசியதில் நாலு யோசனை வந்தது: டிக்கெட் போட்டு இன்னிசைக் கச்சேரி, மாரத்தான், பரிசுக் குலுக்கல், மொய் விருந்து. எனக்கு மொய் விருந்துதான் சரி என்று படுகிறது. எங்கள் மக்களுக்கு மொய் எழுதத் தெரியும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பள்ளிக்காக யாரும் இங்கே நடத்திப் பார்த்ததில்லை. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

#2 மொய்நோட்டு

தம்பி, நான் கீரமங்கலம் பக்கம். மொய் விருந்துகளில் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவன். நல்ல காரியம், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் முதலில் ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். செலவைப் பகிர்ந்துகொள்ள பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பார்கள். ஆளுக்கு ஒரு மேசை, பெயர் எழுதிய அட்டை, ஒரு நோட்டு. கறிச்சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, யாருக்குச் செய்ய வேண்டுமோ அந்த மேசையில் பணம் கொடுத்து எழுதிவிட்டுப் போவார்கள். பழைய நடை என்றால் முன்பு நீங்கள் எனக்குச் செய்ததை நான் திருப்புவது. அதற்கு மேல் கூடுதலாக வைப்பது புது நடை. அதை அடுத்த முறை நீங்கள் எனக்குத் திருப்ப வேண்டும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, நோட்டுதான் சாட்சி. திருப்பாதவரை நேரில் கேட்டே விடுவார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தின் பெயரில் ஒரு மேசை போட்டு மொய் வாங்கினால், எழுதினவர் மனதில் என்ன இருக்கும்? நாளைக்கு அவர் விருந்து வைக்கும்போது பள்ளியிலிருந்து ஆள் வந்து திருப்பிச் செய்யும் என்று ஒருவர் நினைத்தாலும் சங்கடம். அதனால் அழைப்பிதழிலும் மைக்கிலும் மேசை மேலும் ஒரே வாசகம் இருக்கட்டும்: "இது திருப்பிச் செய்யும் மொய் அல்ல, பள்ளிக்கு நன்கொடை." பெரிய எழுத்தில்.

இன்னொன்று. ஆடி, ஆவணி வேண்டவே வேண்டாம். அந்த இரண்டு மாதமும் ஒவ்வொரு வீட்டிலும் யார் யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்று பட்டியல் போட்டு, நகையை அடகு வைத்தாவது பணம் புரட்டிக்கொண்டிருப்பார்கள். கஜா புயலில் (2018 நவம்பர்) தென்னை சாய்ந்த பிறகு, வாங்கின மொய்யைத் திருப்ப முடியாமல் தவித்த வீடுகளை நான் நேரில் பார்த்தவன். அந்தச் சுமையோடு சுமையாக உங்கள் அழைப்பிதழும் போகக் கூடாது.

#3 பட்டுக்கோட்டை_ரன்னர்

மொய் விருந்து எல்லாம் பழைய காலத்து வழி இல்லையா? மாரத்தான் வைத்தால் வெளியூரிலிருந்தும் ஆள் வரும், டி-ஷர்ட்டில் ஸ்பான்சர் பெயர் போடலாம், இளைஞர்களுக்கும் உற்சாகம். குலுக்கலும் எளிது. ஒரு ஸ்கூட்டரைப் பரிசாக அறிவித்து நூறு ரூபாய் சீட்டு விற்றால் ஏழாயிரம் சீட்டில் காரியம் முடிந்தது.

#4 வரவு_செலவு (ஆடிட்டர், திருச்சி)

குலுக்கல் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள் தம்பி. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. பணம் வாங்கிச் சீட்டு விற்று, அதிர்ஷ்டத்தின் பேரில் பரிசு கொடுத்தால், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வழக்குக்கு இடம் உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சங்க விழாக்களில் நடப்பதைப் பார்த்துவிட்டு இங்கே செய்ய முடியாது. பள்ளியை நடத்துகிற ஆசிரியர்கள் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியிருக்கும்.

இனி மொய் விருந்துக்கு வருகிறேன். இதில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. அறக்கட்டளை வாங்கும் நன்கொடையில், கொடுத்தவரின் பெயரும் முகவரியும் பதிவில் இல்லாத பணம் ஓர் அளவைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீதம் வரி. ஒரு லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதுதான் அந்த அளவு. உண்டியல் வைத்துக் குலுக்குகிற நிகழ்ச்சிகளில் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். மொய் நோட்டிலோ ஊர், பெயர், அப்பா பெயர், தொகை என்று எல்லாம் வரிசையாக விழுந்துவிடும். வரித் துறை கேட்கிற பதிவேட்டை நம் ஊர்க்காரர்கள் தாமாகவே எழுதிப் பழகியிருக்கிறார்கள். தெரு, அஞ்சல் எண்ணுக்கு ஒரு கட்டமும், 80ஜி ரசீது (நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரிச் சலுகை தரும் ரசீது) வேண்டுவோர்க்குப் பான் எண் கட்டமும் சேருங்கள், போதும்.

80ஜி பற்றி: உங்கள் அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுத்தவருக்கு வரிச் சலுகை கிடையாது. அதற்கு மேல் போகிறவர்களைக் காசோலை, யு.பி.ஐ., வங்கிப் பரிமாற்றம் பக்கம் திருப்புங்கள். புதிய வரி முறையில் கணக்குக் காட்டுகிறவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நிதியாண்டு முடிந்து மே 31க்குள் நன்கொடையாளர் பட்டியலை இணையத்தில் தாக்கல் செய்தால்தான் அவர்களுக்குச் சான்று கிடைக்கும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம்.

ஒரே நிகழ்ச்சியில் ஒரே ஆளிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது. வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் வரும். உங்கள் பகுதியில் பெரிய கையால் கொடுக்கிறவர்கள் உண்டு என்பதால் சொல்கிறேன்.

#5 கச்சேரி_ரசிகன்

ரன்னர் தம்பிக்கு: ஒருவரின் மருத்துவச் செலவுக்காக டிக்கெட் போட்டுக் கச்சேரி நடத்திய குழுவில் நானும் இருந்தேன். கூட்டம் நிறைந்தது. ஆனால் ஆர்க்கெஸ்ட்ரா, ஒலி, ஒளி, ஜெனரேட்டர், மண்டபம் எல்லாம் போக நோயாளி கைக்குப் போனது சொற்பம். சினிமாப் பாட்டை டிக்கெட் விற்றுப் பாட வைத்தால் உரிமைத் தொகை வேறு கட்ட வேண்டும். மாரத்தானும் அப்படித்தான். டி-ஷர்ட், பதக்கம், தண்ணீர், ஆம்புலன்ஸ், போலீஸ் அனுமதி. பெரிய ஸ்பான்சர் செலவு மொத்தத்தையும் ஏற்றால்தான் அதில் மிச்சம் பார்க்கலாம்.

#6 பட்டுக்கோட்டை_ரன்னர்

சரி அண்ணே, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் இளைஞர்களுக்கு என்ன வேலை? பந்தி பரிமாறுவது மட்டுமா?

#7 குழுத்தலைவி (ஒரத்தநாடு)

நிறைய வேலை இருக்கிறது தம்பி, சொல்கிறேன். நான் மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், குளத்து வேலை என்று வசூல் செய்து பழக்கம்.

விருந்து அன்றைக்குப் பணம் வரும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். விருந்து அன்றைக்கு வருவது, முன்னாலேயே கேட்டு வைத்த பணம். கேட்காத வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு ஐந்நூறு எழுதுவார். ஒரு வாரம் முன்பு திண்ணையில் உட்கார்ந்து, பள்ளிக் கணக்கைக் காட்டி, "மாமா, வேனில் ஒரு இருக்கைக்கான பணத்தை உங்கள் வீடு ஏற்க வேண்டும்" என்று கேட்டிருந்தால் அதே மனிதர் யோசித்துத் தன் தம்பியையும் மச்சானையும் சேர்த்துக்கொண்டு வருவார். இந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தால் மற்றது எல்லாம் தானாக நடக்கும் என்பது என் அனுபவம்.

எப்படிக் கேட்பது என்றும் சொல்கிறேன். ஊர்வாரியாக வீடுகளின் பட்டியல் எழுதுங்கள். ஒரு வீட்டுக்கு அந்த வீட்டைத் தெரிந்தவர்தான் போக வேண்டும். முகம் தெரியாத பையன்கள் நோட்டீஸ் நீட்டினால் இருபது ரூபாய் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். சாயந்தரம் ஆறு மணிக்கு மேல் போங்கள், வேலை முடிந்து வந்து டீ குடித்திருப்பார்கள். "உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். தொகையைச் சொல்லிக் கேளுங்கள். வேனைப் பிரித்துக் காட்டுங்கள்: ஒரு சீட் இவ்வளவு, ஒரு ஜோடி டயர் இவ்வளவு, ஒரு மாத டீசல் இவ்வளவு. அதிகம் என்றால் அவர்களே குறைத்துச் சொல்வார்கள், அதில் வருத்தமே இல்லை.

போகும் முன் ஒன்று. கேட்கப் போகிற ஒவ்வொருவரும் தன் பெயரை நோட்டில் முதலில் எழுதியிருக்க வேண்டும். "நீங்கள் எவ்வளவு போட்டீர்கள்?" என்று கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். நோட்டைத் திறந்து காட்டிவிட்டால் அடுத்த கேள்வி கிடையாது.

விருந்துக்கு முன்பே பாதித் தொகை உறுதியாகிவிட்டால்தான் நாள் குறியுங்கள். ஆகவில்லை என்றால் நாளைத் தள்ளிப் போடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

#8 ஒரு_அம்மா

இந்த இழையை என் தம்பி அனுப்பினான், படித்தேன். என் மகள் இதே மாதிரி ஒரு பள்ளிக்குப் போகிறாள், ஊர் வேறு. அவளுக்குப் பதினாலு வயது. பேச்சு வராது. காலையில் வேன் ஹாரன் கேட்டதும் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்பாள். வேன் வராத நாளில் அந்தச் செருப்பைக் கழற்றவே விடமாட்டாள், மத்தியானம் வரைக்கும் வாசல்தான். நீங்கள் செய்கிற காரியம் எங்களுக்கு எவ்வளவு பெரியது என்று தெரிவதற்காக இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். விருந்தில் பிள்ளைகளை மேடையில் நிறுத்தி, பார்க்கிறவர்கள் கண் கலங்கட்டும் என்று காட்டாதீர்கள். ஒரு விழாவில் என் மகளைக் கையைப் பிடித்து மேடையேற்றி, மைக்கில் "இந்தப் பாவப்பட்ட குழந்தை" என்றார்கள். அவளுக்குச் சத்தம் ஆகாது, காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுததைப் பார்த்துப் பணம் வந்தது. எனக்கு அந்தப் பணத்தைத் தொடவே மனம் வரவில்லை.

பிள்ளைகள் வரட்டும், மற்றவர்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். அவர்கள் செய்த காகிதப் பை, மெழுகுவத்தி, மிதியடி ஏதாவது இருந்தால் ஒரு மேசையில் வைத்து விற்கட்டும். சில்லறை எண்ணத் தெரிந்த பிள்ளை இருந்தால் அதுவே வாங்கிப் போடட்டும். போட்டோ எடுத்து நோட்டீஸில் போடுவதாக இருந்தால் அம்மா அப்பாவிடம் எழுதி வாங்குங்கள்.

#9 கடைமடைக்காரன்

அம்மா, உங்கள் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். மேடையே போடப் போவதில்லை. எங்கள் பிள்ளைகள் தென்னை ஓலையில் விளக்குமாறு கட்டுகிறார்கள், நன்றாகவே கட்டுகிறார்கள். அதற்கு வாசல் பக்கம் ஒரு மேசை.

ஆடிட்டர் ஐயா, 80ஜி நடப்பில் இருக்கிறது, செயலாளரிடம் கேட்டுவிட்டேன். குழுத்தலைவி அக்கா சொன்னபடி வேனைப் பிரித்துப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தோம். அப்போதுதான் ஆறு லட்சம் போதாது என்று புரிந்தது. வேறு வேலைக்கு ஓடிய வேனைப் பள்ளி வாகனமாக மாற்ற மஞ்சள் பெயிண்ட், அவசரக் கதவு, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்புக் கருவி எல்லாம் வேண்டும். 2012இல் வந்த பள்ளி வாகனச் சிறப்பு விதிகள்படி ஆர்.டி.ஓ. பார்த்துச் சரி சொல்ல வேண்டும். பள்ளி திறப்பதற்கு முன்பு மே மாதம் ஆய்வு நடக்கும். நம் பிள்ளைகளுக்குத் தாழ்ந்த படியும் கைப்பிடியும் கூடுதலாக. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் சேர்த்து ஏழரை லட்சம் என்று வைத்திருக்கிறோம்.

#10 சிங்கை_மச்சான்

நானும் பேராவூரணிதான், சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே நம் ஊர்ப் பையன்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவே இருக்கிறோம். ஆளுக்கு நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றாலும் நல்ல தொகை தேறும். யாருடைய கணக்குக்கு அனுப்ப? ஊரில் இருக்கிற என் அண்ணன் கணக்குக்கு அனுப்பி அவர் ரொக்கமாகக் கொடுத்தால் சுலபமா?

#11 வரவு_செலவு

அண்ணன் கணக்கு வேண்டாம், உங்களுக்கும் நல்லதில்லை, அவருக்கும் நல்லதில்லை. பணம் நேராக அறக்கட்டளையின் கணக்குக்கே வரட்டும்.

இந்தியக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் சம்பாதித்துத் தன் சொந்தப் பணத்தை முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான உங்கள் என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பி, பாஸ்போர்ட் நகலைச் செயலாளருக்குக் கொடுத்துவிடுங்கள். ஆனால் உங்கள் குழுவில் சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் தருவது வெளிநாட்டு நன்கொடைதான், இந்திய வம்சாவளி என்றாலும் அப்படித்தான். அதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு வேண்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்று தனிக் கணக்கும் வேண்டும். உங்கள் அறக்கட்டளைக்கு அது இல்லை என்றால் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். எல்லாருடைய பணத்தையும் ஒருவரே வசூலித்து மொத்தமாக அனுப்புவதும் கூடாது, அவரவர் அவரவர் கணக்கிலிருந்து.

#12 சிங்கை_மச்சான்

புரிந்தது ஐயா. குழுவில் இதை அப்படியே போட்டுவிடுகிறேன். பாஸ்போர்ட் மாற்றியவர்கள் ஊருக்கு வரும்போது பிள்ளைகளோடு ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

#13 கரண்டிக்காரர்

சமையல் பக்கம் யாரும் பேசவில்லையே என்று வந்தேன். கறியா சைவமா?

நம் பக்கம் மொய் விருந்து என்றால் ஆட்டுக்கறி என்று ஆகிவிட்டது. நூறு பேருக்குப் பன்னிரண்டு கிலோ கறி என்று வைத்துக்கொண்டாலும் ஐந்நூறு பேருக்கு அறுபது கிலோ. இன்றைய கறி விலைக்கு அந்த ஒரு செலவே உங்கள் டயர் பணத்தைத் தின்றுவிடும். என் யோசனை: சைவம் போடுங்கள், ஆனால் குறை சொல்ல முடியாத சைவம். பொன்னி அரிசிச் சோறு, முருங்கைக்காய் கத்தரிக்காய் சாம்பார், வத்தக்குழம்பு, வாழைக்காய் வறுவல், அவியல், அப்பளம், தேங்காய்ப்பால் பாயசம். தேங்காய்க்கு உங்கள் ஊரில் பஞ்சமா? அரிசியை இரண்டு மூன்று விவசாயிகள் ஏற்றுக்கொண்டால், காய்கறியை மார்க்கெட் கடைக்காரர்கள் ஏற்றுக்கொண்டால், பாத்திரமும் பந்தலும் வாடகை இல்லாமல் கிடைத்தால், சாப்பாட்டுக்காக நன்கொடைப் பணத்தில் ஒரு ரூபாய் எடுக்க வேண்டியதில்லை. சமையல் கூலி நான் வாங்கமாட்டேன். என் ஆட்களுக்கு மட்டும் அன்றைய சம்பளம் கொடுங்கள், அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

வருகிறவர் எத்தனை பேர் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் பாதி அரிசியை முதலில் போடுவேன், கூட்டம் பார்த்து அடுத்த உலை. மிச்சமான சோறு குப்பைக்குப் போனால் கொடுத்த விவசாயிக்கு மனம் வலிக்கும்.

#14 மொய்நோட்டு

சமையல் மாஸ்டர் சொன்னது சரி. வெறும் டீயும் வடையும் கொடுத்து மொய் விருந்து நடத்தியவர்களும் நம் மாவட்டத்தில் உண்டு. 2022இல் இலங்கையில் நெருக்கடி வந்தபோது அங்குள்ள மக்களுக்காக ஒரு டீக்கடைக்காரர் தன் கடையிலேயே மொய் விருந்து வைத்தார். டீ குடித்தவர்கள் தங்களால் ஆனதைப் போட்டுவிட்டுப் போனார்கள். விருந்தின் அளவைப் பார்த்து மக்கள் கொடுப்பதில்லை.

இன்னொரு யோசனை மனதில் ஓடுகிறது. எனக்கு வரவேண்டிய பழைய நடை கொஞ்சம் இருக்கிறது. அடுத்த வருடம் நான் விருந்து வைக்க வேண்டிய முறை. அதில் ஒரு பத்துப் பேரிடம், "எனக்குத் திருப்ப வேண்டியதைப் பள்ளி நோட்டில் எழுதிவிடுங்கள், என் கணக்கு நேராகிவிட்டது" என்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். இப்படி ஊருக்கு இருபது பேர் சொன்னால் வேன் வந்துவிடும்.

#15 குழுத்தலைவி (ஒரத்தநாடு)

அண்ணே, மனசு பெரிது உங்களுக்கு. ஆனால் பொதுவில் அறிவிக்காதீர்கள். பழைய நடை என்பது வீட்டில் உள்ள எல்லாருக்கும் சேர்ந்த பணம். மகள் கல்யாணத்துக்கு, போர்வெல்லுக்கு என்று அதை நம்பி வீட்டில் கணக்குப் போட்டிருப்பார்கள். மைக்கில் ஒருவர் விட்டுக்கொடுத்தால் பக்கத்தில் நிற்கிறவரும் கௌரவத்துக்காக விட்டுக்கொடுப்பார். அன்று ராத்திரி அவர் வீட்டில் நடக்கப்போகிற சண்டையைப் பள்ளி தாங்காது. வீட்டில் அண்ணியிடம் பேசி, அவர்களும் சரி என்றால், நீங்கள் மட்டும் சத்தமில்லாமல் செய்யுங்கள்.

திருப்ப வேண்டியவரின் நிலையையும் பாருங்கள். உங்களுக்கு என்றால் அடுத்த வருடம்தான் திருப்ப வேண்டும். பள்ளிக்கு என்றால் இந்த மாதமே கேட்பது போல் ஆகிவிடும்.

#16 மொய்நோட்டு

நியாயமான பேச்சு தங்கச்சி. வீட்டில் கேட்டுவிட்டேன். இரண்டு பேரின் கணக்கை மட்டும், அவர்கள் வசதியைக் கேட்டுக்கொண்டு மாற்றுகிறோம். இத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிடுவோம்.

மேசை ஏற்பாடு பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று மேசை போதும். ஒவ்வொன்றிலும் ஒருவர் எழுத, ஒருவர் பணம் வாங்கி எண்ண. இருவரும் ஒரே வீட்டுக்காரராக இருக்கக் கூடாது. வரிசை எண் அச்சடித்த ரசீதுப் புத்தகம், எந்த மேசைக்கு எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதாத ரசீதும் திரும்பி வர வேண்டும். யு.பி.ஐ. அட்டை அறக்கட்டளையின் கணக்குக்கு உரியதுதானா என்று காலையில் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள், மத்தியானமும் ஒரு தடவை பாருங்கள். கூட்டத்தில் அட்டை மேல் வேறு அட்டை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ரொக்கத்தை மணிக்கொரு தடவை மேசையிலிருந்து எடுத்து எண்ணி, கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் வையுங்கள்.

சாயந்தரம் பந்தல் பிரிக்கும் முன் மொத்தத்தை மைக்கில் படியுங்கள். வரவு மட்டும் படித்தால் போதாது, செலவையும் படியுங்கள்.

#17 பட்டுக்கோட்டை_ரன்னர்

யு.பி.ஐ. சோதனை, ரசீது எண் கணக்கு, வருகிறவர்களின் பான் எண்ணைக் கணினியில் ஏற்றுவது எல்லாம் எங்கள் பையன்கள் பொறுப்பு. பேனர் வைக்கலாமா?

#18 வரவு_செலவு

வேண்டாம். ரோட்டில் வைக்க அனுமதி வாங்க வேண்டும். 2019இல் சென்னையில் பேனர் விழுந்து இளம்பெண் ஒருவர் இறந்ததை மறக்க முடியுமா? நோட்டீஸ் போதும். மைக் செட்டுக்குக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள், கூம்பு ஒலிபெருக்கி கட்டாதீர்கள், இரவு பத்துக்கு மேல் ஒலிக்கக் கூடாது.

#19 ஒரு_அம்மா

வேன் வந்துவிடும். அப்புறம் டீசல்? டிரைவர் சம்பளம்? கூட வருகிற ஆயாவுக்கு? எங்கள் பள்ளியில் வேன் புதுசாக நின்றுகொண்டிருந்தது, டீசலுக்குப் பணம் இல்லாமல். மறந்துவிடாதீர்கள் தம்பி.

#20 கடைமடைக்காரன்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ராத்திரி பள்ளித் திண்ணையில் கூடிப் பேசி முடிவு செய்ததைப் போடுகிறேன்.

மாசி மாதத்தில், முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. சம்பா அறுத்து நெல் போட்ட பணம் கையில் இருக்கும், அரிசியும் புதிதாகக் கிடைக்கும். அதற்கு முன் வீடு வீடாகப் போகிறோம். பாதித் தொகை உறுதியானால்தான் அழைப்பிதழ் அச்சுக்குப் போகும். சைவச் சாப்பாடு, மாஸ்டர் அண்ணனே வருகிறார். சிறப்பு விருந்தினர், மாலை, சால்வை, பொன்னாடை எதுவும் இல்லை. கட்சிக்காரர்கள் எல்லாரும் வரலாம், வரிசையில் நின்று எழுதிவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

அம்மா சொன்ன டீசலுக்காக நாலாவதாக ஒரு மேசை. அதில் பணம் வாங்குவதில்லை. மாதம் நூறோ இருநூறோ ஒரு வருடத்துக்குத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு மட்டும். வங்கியில் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டை ரன்னர் தம்பியின் ஆட்கள் அங்கேயே போனில் செய்து கொடுப்பார்கள். மாதா மாதம் வேன் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எவ்வளவு டீசல், யார் யார் கொடுத்தார்கள் என்று பள்ளி வாசலிலும் கடைவீதி டீக்கடையிலும் ஒரு தாள் ஒட்டுவோம். வேனுக்கு மேல் மிஞ்சினால் அந்தப் பணம் டீசல் கணக்குக்குப் போகும் என்பதையும் அழைப்பிதழிலேயே சொல்லிவிடுகிறோம்.

அழைப்பிதழ் வாசகம் இப்படி வைத்திருக்கிறோம், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

"நம் ஊர்ச் சிறப்புப் பள்ளிப் பிள்ளைகள் தினமும் பள்ளிக்கு வந்து போக ஒரு வேன் வாங்குகிறோம். குடும்பத்தோடு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு, உங்களால் ஆன தொகையை நோட்டில் எழுதிப் போக வேண்டுகிறோம். இது திருப்பிச் செய்யும் மொய் அல்ல, பள்ளிக்கு நன்கொடை. எழுத வசதி இல்லாதவர்களும் அவசியம் சாப்பிட வர வேண்டும். அன்று மாலையே வரவு செலவு படிக்கப்படும்."

#21 கரண்டிக்காரர்

"எழுத வசதி இல்லாதவர்களும்" என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். அந்த வரிக்காகவே இன்னும் ஒரு மூட்டை அரிசி நான் கேட்டு வாங்கித் தருகிறேன்.

#22 குழுத்தலைவி (ஒரத்தநாடு)

பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரிடம் வசூலுக்குப் போகாதீர்கள். அவர்களாக எழுதினால் வாங்கிக்கொள்ளுங்கள், தொகையை மைக்கில் படிக்க வேண்டாம்.

#23 வரவு_செலவு

வாசகம் நன்றாக இருக்கிறது. கீழே அறக்கட்டளையின் பதிவு எண், பான், வங்கிக் கணக்கு எண் போடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் பாஸ்புக்கை வைத்து ஒருவர் படிக்க, ஒருவர் சரிபார்க்க. ஒரு இலக்கம் மாறினால் பணம் வேறு யாருக்கோ போய்விடும்.

ஒரு சீட் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து பரிமாற்றம் செய்கிறேன், ரசீதுக்கான பான் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.